மோசமான வாரத்தின் மதிப்பெண்

கோல்ஃப் மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்தாலும், ஆட்டத்தின் பாதிக் கணக்கு அதில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு நிலத்தில்தான் முடிகிறது. 72 ஸ்ட்ரோக் என்று வகுக்கப்பட்ட மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 ஸ்ட்ரோக்குகள் பந்தைத் தரையோடு உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அந்த உருட்டல் நடக்கும் இடம் பட்டிங் கிரீன். கம்பளம் விரித்ததுபோல் தெரியும் அந்தத் தரை முழுக்க உயிருள்ள புல். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அது பெரும்பாலும் பெர்முடா புல்லின் ஏதோ ஒரு குட்டை ரகமாக இருக்கும். எந்த ரகம் என்ற முடிவு லட்சக்கணக்கான டாலர் செலவையும், பத்துப் பதினைந்து ஆண்டுப் பராமரிப்பையும் கட்டிப்போடும் முடிவு. அந்த முடிவுக்கு ஆதாரமாக நிற்பவை பல்கலைக்கழகப் பாத்திகளில் நடக்கும் ரகச் சோதனைகள். சோதனைகள் நேர்மையாகவும் கவனமாகவும் நடக்கின்றன. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் முடிவை நாம் வாசிக்கும் விதம் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆண்டு முழுவதும் ஒரு புல் சராசரியாக எப்படி இருந்தது என்று பார்க்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி, அது தன் மிக மோசமான வாரத்தில் எப்படி இருந்தது என்பது.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். பெர்முடா புல் நமக்குப் புதிதல்ல. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வளரும் அந்தப் புல்லை அப்படியே கொண்டுபோய் கிரீனில் வைக்க முடியாது. இலை அகலம், கணு இடைவெளி நீளம். ஆகவே அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர்கள் அதைத் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நுண்ணிலைப் புல்லான சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸுடன் கலந்தார்கள். அருகம்புல்லில் 36 குரோமோசோம்கள், ஆப்பிரிக்கப் புல்லில் 18. கலப்பினத்துக்குக் கிடைப்பவை 27. இந்த ஒற்றைப்படைக் கணக்கால் இனப்பெருக்க செல்கள் ஒழுங்காகப் பிரிய முடியாமல் போக, கலப்பினம் மலடாகிறது. விதை கிடையாது; கரும்புக் கரணை நடுவதுபோல் தண்டுத் துண்டுகளை நட்டுத்தான் பெருக்க வேண்டும். இந்தக் கலையின் பெருந்தலை கிளென் பர்ட்டன். 1936இல் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர், அடுத்த பல பத்தாண்டுகளில் தீவனப் புல், கம்பு, விளையாட்டுப் புல் மூன்றிலும் பெயர் பதித்தார். அவர் 1956இல் வெளியிட்ட டிஃப்கிரீன், பெர்முடா கிரீன்களின் தரத்தையே மாற்றியது. டிஃப்கிரீன் நட்ட கிரீன்களில் ஆங்காங்கே குட்டையான, கருமை கூடிய திட்டுகள் தென்பட்டன. அந்தச் சடுதிமாற்றத்தைப் பிரித்தெடுத்துச் சோதித்து 1965இல் டிஃப்டுவார்ஃப் என்ற பெயரில் வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகள் அதுவே அளவுகோல்.

பிறகு டிஃப்டுவார்ஃபிலும் அதே கதை நடந்தது. அதைவிடக் குட்டையான, அதைவிட அடர்த்தியான திட்டுகள் கிடைத்தன. 1990களில் சந்தைக்கு வந்த சாம்பியனும் மினிவெர்டியும் அப்படி டிஃப்டுவார்ஃப் வளர்ந்த இடங்களிலிருந்து பொறுக்கியவை. டிஃப்டன் நிலையம் தன் பங்குக்குத் தண்டுகளில் காமாக் கதிர் பாய்ச்சி, உண்டான மாற்றங்களிலிருந்து டிஃப்ஈகிளைத் தேர்ந்தெடுத்தது. இவற்றுக்கெல்லாம் சேர்த்து அல்ட்ராடுவார்ஃப், அதாவது அதிகுட்டை ரகங்கள், என்று பெயர். சந்தையில் கிரீனுக்கென்று விற்கும் பெர்முடா ரகங்களில் பல இப்படி ஒரே வம்சத்துக்குள் அடங்குகின்றன. மரபணுக் குறியீடுகளை வைத்து வேறுபாடு தேடியவர்களுக்குச் சொற்பமான வேறுபாடே கிட்டியது; கண்ணுக்குத் தெளிவாக மாறித் தெரிந்த திட்டுகள்கூட மரபணு ஆய்வில் தாய்ப்புல்லை ஒட்டியே நின்றன. அப்படியென்றால் இவற்றை எதற்குச் சோதித்து வரிசைப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கிரீனின் நிலைமை அவ்வளவு கடுமையானது என்பதால், சிறு வேறுபாடும் அங்கே பெரிதாகிவிடுகிறது. வீட்டுப் புல்வெளியில் அருகருகே நட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினமாகலாம். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் அன்றாடம் வெட்டுங்கள், எது தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்று மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு ரூபாய் நாணயங்களை அடுக்கி வைத்த உயரம்தான். இலைதான் செடியின் சமையற்கட்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே அந்த இலை வளர வளர, மறுநாள் காலையில் எந்திரம் வந்து எடுத்துப் போய்விடும். எஞ்சும் பச்சைத் துணுக்கை வைத்துக்கொண்டு வேரையும் ஓடுதண்டையும் தரையடித் தண்டையும் செடி வாழவைக்க வேண்டும். டிஃப்கிரீன் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வெட்டைத் தாங்கியது. டிஃப்டுவார்ஃப் ஐந்துக்கு அருகில் இறங்கியது. அதிகுட்டை ரகங்கள் மூன்றிலும் அதற்குக் கொஞ்சம் கீழேயும் நிற்கின்றன. குளிர்நாட்டுப் புல்லான பென்ட் புல் இந்த உயரத்தில் நன்றாகவே வாழும், ஆனால் அதன் இலைக்கு உகந்தது 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. அட்லாண்டாவின் ஆகஸ்ட் மாதத்தில் அதை உயிரோடு வைத்திருக்க மின்விசிறியும், நண்பகலில் தெளிப்பு நீரும், பூஞ்சைக்கொல்லியும், பராமரிப்பாளரின் தூக்கமும் செலவாகும். பெர்முடா கரும்பும் சோளமும் போல சி4 ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டது. முப்பது டிகிரியைத் தாண்டிய வெயில் அதற்குக் கொண்டாட்டம். 2011 ஆகஸ்டில் அட்லாண்டா அத்லெடிக் கிளப்பில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டி சாம்பியன் ரக கிரீன்களில் ஆடப்பட்டது. உலகின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்று கொளுத்தும் கோடையில் அந்தத் தரையில் சிக்கலில்லாமல் நடந்ததைப் பார்த்து, தயங்கி நின்ற பல கிளப்புகள் மாறின.

இனிச் சோதனைக்கு வருவோம். மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் இருந்து இயங்கும் தேசியப் புல்தரை மதிப்பீட்டுத் திட்டம், ரகங்களைப் பல மாநிலங்களின் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, ஒரே வகைச் சோதனையாக நடத்துகிறது. ஒவ்வொரு இடத்திலும் சிறு பாத்திகள். ஒரே ரகத்துக்குப் பொதுவாக மூன்று பாத்திகள், வரிசை குலுக்கல் முறையில். மாதந்தோறும் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் வந்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார். 9 மிகச் சிறப்பு, 6 ஏற்கத்தக்கது, அதற்குக் கீழே என்றால் கிரீனுக்கு ஆகாது. நிறம், அடர்த்தி, இலை நுண்மை, வசந்தத்தில் பச்சை திரும்பும் வேகம், இலையுதிர் காலத்தில் நிறம் நிலைப்பது, நோய்த் தாக்கம் என்று தனித்தனி மதிப்பெண்களும், எல்லாம் சேர்ந்த தரத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் உண்டு. கண்ணால் பார்த்துப் போடும் எண்ணுக்கு என்ன மதிப்பு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆட்டக்காரரும் உறுப்பினரும் புல்லைக் கண்ணால்தான் பார்க்கிறார்கள், பழகிய கண்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றன. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. குறை வேறோர் இடத்தில். முடிவில் எல்லா மாதங்களையும், பல சமயம் எல்லா ஊர்களையும் கூட்டி வகுத்து ஒற்றைச் சராசரியாக அட்டவணையில் ஏற்றுகிறார்கள். விற்பனையாளரின் துண்டறிக்கைக்குப் போவது அந்த எண்தான். அட்டவணையின் கடைசி வரியில் புள்ளியியல் வல்லுநர்கள் ஓர் எச்சரிக்கை வைத்திருப்பார்கள்: இரண்டு ரகங்களுக்கு இடையிலான வித்தியாசம் இந்த அளவைத் தாண்டாவிட்டால் அதை வித்தியாசமாகவே கொள்ளாதீர்கள் என்று. துண்டறிக்கையில் அந்த வரி இருக்காது.

கற்பனையாக இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது பத்து மாதங்கள் 7 மதிப்பெண் வாங்கி, இரண்டு மாதங்கள் 4க்கு இறங்குகிறது. சராசரி 6.5. இரண்டாவது பன்னிரண்டு மாதமும் 6.3. அட்டவணையில் முதல் ரகம் மேலே நிற்கும். ஆனால் அந்த இரண்டு மாதங்களில் கிரீன் ஆடத் தகுதியற்றுப் போகிறது: உறுப்பினர்கள் வேறு கிளப்புக்குப் போகிறார்கள், போட்டி ரத்தாகிறது, புல்லைத் திரும்பக் கொண்டுவரக் கோடையின் பாதி கழிகிறது. பத்து மாதத்தின் 7, அந்த இழப்பை ஈடுகட்டாது. ஏனென்றால் கிரீனின் தரத்துக்கும் அதன் பயனுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. 6க்கு மேலே ஒவ்வொரு மதிப்பெண்ணும் கொஞ்சம் மகிழ்ச்சி தரும். 6க்குக் கீழே ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு நெருக்கடி. அப்படி வளைந்த உறவு இருக்கும்போது சராசரி பொய் சொல்லும்.

புள்ளியியலாளர் இதை மறுப்பார். சராசரி எடுப்பதே தற்செயலை அடக்கத்தான். ஒரு மாதம் ஒரு பாத்தியில் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம், எந்திரத்தின் கத்தி மழுங்கியிருக்கலாம், மிகத் தாழ்ந்த ஒற்றை எண்ணை நம்பி ரகத்தைத் தள்ளுவது அதைவிடப் பெரிய பிழை என்பார். சரியான மறுப்பு. ஒற்றை எண்ணை நம்பச் சொல்லவில்லை. மூன்று பாத்திகளிலும், அடுத்த ஆண்டிலும், பக்கத்து மாநிலத்திலும் அதே பருவத்தில் அதே சரிவு வந்தால் அது தற்செயல் அல்ல, ரகத்தின் குணம். அதைப் பிடிக்கும் கருவிகள் தாவர வளர்ப்பில் அரை நூற்றாண்டுக்கு மேலாக உள்ளன. ஆஸ்திரேலியாவில் பார்லி ரகங்களை வைத்து ஃபின்லேயும் வில்கின்சனும் 1963இலும், அமெரிக்காவில் எபர்ஹார்ட்டும் ரசலும் 1966இலும் காட்டிய வழி இதுதான்: நல்ல சூழலில் எவ்வளவு விளைந்தது என்பதோடு நிறுத்தாமல், சூழல் கெடக் கெட ஒரு ரகம் எவ்வளவு சரிகிறது என்றும் அளவிடுங்கள். தானியத்தில் இது பாடப்புத்தகம் ஏறிவிட்டது. கிரீன் விஷயத்தில், எத்தனை மாதம் 6க்குக் கீழே போனது என்று எண்ணிப் பார்த்தாலே போதும். அதற்குப் புதிய சோதனை எதுவும் தேவையில்லை; எண்கள் ஏற்கெனவே அதே அறிக்கைகளில் மாதவாரியாகக் கிடக்கின்றன.

சராசரி மறைக்கும் இன்னொன்று காலம். அதிகுட்டை ரகங்களின் புகழெல்லாம் அடர்த்தியில் இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் எவ்வளவு அதிகமான தண்டுகள் முளைக்கின்றனவோ, அவ்வளவு வழவழப்பாகப் பந்து உருளும், அவ்வளவு அதிக மதிப்பெண் விழும். ஆனால் அந்தத் தண்டுகள் செத்ததும் எங்கே போகும்? மண்ணுக்கும் இலைக்கும் நடுவே, பாதி மக்கியும் மக்காமலும், பஞ்சுபோன்ற அடுக்காகத் தங்கும். தாட்ச் என்பார்கள் அதை. அடுக்கு தடித்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடிமண்ணைக் காயவிடும், அல்லது மழைக்காலத்தில் ஊறிக் கிடந்து பூஞ்சைக்கு மெத்தை விரிக்கும். வேர்கள் மண்ணுக்குள் இறங்காமல் அந்தப் பஞ்சிலேயே சோம்பிக் கிடக்கும். வெட்டும் எந்திரத்தின் உருளை அதில் புதைய, குறித்த உயரத்துக்குக் கீழே கத்தி இறங்கி, பச்சையைச் சுரண்டித் தண்டை வெளியே காட்டிவிடும். அதாவது, முதலாண்டில் அதிக மதிப்பெண் வாங்கித் தந்த அதே குணம் நான்காம் ஆண்டில் நோயாகத் திரும்புகிறது. சோதனைகள் ஏறக்குறைய ஐந்து ஆண்டில் முடிகின்றன. கிரீன்கள் அதன் இரண்டு மூன்று மடங்கு காலம் வாழ வேண்டும். அடர்த்திக்குத் தனி மதிப்பெண் உண்டு, தாட்சின் தடிமனை எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் அளப்பதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு இது. 1990களின் இறுதியில் இந்த ரகங்களை முதலில் வாங்கிய பல கிளப்புகள், டிஃப்டுவார்ஃபைப் பராமரித்த பழக்கத்திலேயே தழைச்சத்தை அள்ளிக் கொடுத்துத் தாட்சில் மாட்டிக்கொண்டன. பின்னர்தான் சிறு சிறு அளவாய் உரம், அடிக்கடி மெல்லிய மணல் தூவல், செங்குத்துக் கத்திகளால் கீறல், கோடையில் துளையிட்டு மண்ணெடுத்தல் என்று ஒரு புதிய ஒழுங்கு உருவானது.

இங்கேதான் அனுபவமுள்ள திடல் கண்காணிப்பாளர்கள் குறுக்கிடுவார்கள். ரகம் பாதி, கை பாதி என்பதுகூட ரகத்துக்குக் கொடுக்கும் அதிக மரியாதை. நல்ல கைகளில் எந்த அதிகுட்டையும் ஓடும், கெட்ட கைகளில் எதுவும் ஓடாது என்பார்கள். இதில் நிறைய உண்மை இருக்கிறது. ஒரே ரகத்தைப் பக்கத்துப் பக்கத்துக் கிளப்புகளில் பார்த்தால் இரண்டு வேறு புற்கள் என்று தோன்றும். ஆனால் இந்த வாதம் தன்னையே வெட்டிக்கொள்கிறது. கை அவ்வளவு முக்கியம் என்றால், ரகத்தை ஒரே ஒரு கையில், அதுவும் ஆராய்ச்சி நிலையத்தின் சீரான கையில், சோதித்து வரிசைப்படுத்துவது எப்படிச் சரியாகும்? ஒரே ரகத்தை இரண்டு வெட்டு உயரத்திலும் இரண்டு உர அளவிலும் வளர்த்துப் பார்த்து, பராமரிப்பைக் குறைக்கும்போது எது மெல்லச் சரிகிறது, எது குப்புற விழுகிறது என்றல்லவா காட்ட வேண்டும்? பணக்காரக் கிளப்பில் இருபது பேர் வேலை செய்வார்கள். நகராட்சி நடத்தும் மைதானத்தில் ஐந்தாறு பேர், அதில் இரண்டு பேர் விடுப்பில். அவர்களுக்கு உயர்ந்த மதிப்பெண் வாங்கும் ரகத்தைவிட, மன்னிக்கும் ரகம் வேண்டும். 1997இல் தொடங்கி, அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் துணையோடு ஓடிக்கொண்டிருக்கும் மைதானங்களிலேயே சோதனைக் கிரீன்கள் அமைத்து, ஆட்டக்காரர்களின் காலடியில் ரகங்களைப் பார்த்தார்கள். சரியான திசை அது. காலணியின் மிதியும் பந்து விழுந்த குழியும் இல்லாத பாத்தி, கிரீன் ஆகாது.

மோசமான வாரம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் இரண்டு பக்கங்களிலிருந்து: நிழல், குளிர். டிஃப்ஈகிளுக்கு ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 32 மோல் ஒளித்துகள்கள் வேண்டும் என்று கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வு 2005இல் கணக்கிட்டது. மேகமில்லாத கோடை நாளில் முழு வெயிலில் கிடைப்பதே ஐம்பது அறுபது மோல்தான். கிழக்கே ஒரு பைன் தோப்பு காலை வெயிலை மறைத்தால் அந்தக் கிரீன் பட்டினி கிடக்கத் தொடங்கும். இலை நீண்டு, தண்டு மெலிந்து, வெட்டியதும் தரை தெரியும். சோதனைப் பாத்திகளோ பொதுவாகத் திறந்த வெளியில் இருப்பவை. மரங்களுக்கு நடுவே கிரீன் வைத்திருப்பவர் அட்டவணையின் முதலிடத்தைப் பார்த்து வாங்கினால், தன் மைதானத்தில் நடக்காத ஒரு சோதனையின் முடிவை வாங்குகிறார். குளிர் இன்னும் கொடியது. மண் குளிர்ந்தால் பெர்முடா பழுப்பாகி உறங்கும். அது சாவு அல்ல, பச்சைச் சாயம் அடித்துக்கூட ஆடலாம். ஆனால் உறைபனிக்காற்று நாள்கணக்கில் நீடித்தால் கணுக்களே செத்துவிடும். அதனால் வெப்பநிலை மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போகும் என்ற முன்னறிவிப்பு வந்தாலே கிரீன்களின்மேல் போர்வை விரிப்பது வழக்கமாயிற்று. பதினெட்டுக் கிரீனுக்கும் விரித்துச் சுருட்ட எத்தனை ஆள், எத்தனை மணி நேரம்! ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் முக்கிய அதிகுட்டை ரகங்களை வைத்துச் சோதித்து, அதைவிடத் தாழ்ந்த வெப்பநிலை வரை பொறுத்திருந்து போர்த்தினாலும் பெரிய சேதம் இல்லை என்று காட்டினார்கள். இந்த வகை ஆய்வு ஒரு மைதானத்துக்குத் தரும் பயன், நிற மதிப்பெண்ணில் 0.2 கூடியது என்ற செய்தியைவிடப் பல மடங்கு.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை, ஆனால் ஆட்டக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் யோசித்த ஒரு சாய்பள்ளக் கட்டையை அமெரிக்க கோல்ஃப் சங்கம் அலுமினியத்தில் திருத்திச் செய்து 1978இல் மைதானங்களுக்குக் கொடுத்தது. அதிலிருந்து உருண்டு இறங்கும் பந்து எத்தனை அடி ஓடுகிறது என்பதே கிரீனின் வேகம். அந்த நாளில் நாடு தழுவிய அளவீட்டில் சராசரி சுமார் ஆறரை அடி. இன்று பெரும் போட்டிகளில் பன்னிரண்டைத் தாண்டுகிறார்கள். பதினெட்டுக் கிரீனும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்கச் செய்த கருவி, யார் கிரீன் வேகம் என்ற போட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ரகங்களுக்கிடையே பொதுவாகத் தெரியும் வேக வேறுபாடு சில அங்குலங்கள். ஆறு அங்குல வேறுபாட்டைப் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் உணர்வதே இல்லை. வெட்டு உயரமும், உருளை ஓட்டுவதும், வளர்ச்சிக் கட்டுப்படுத்தி மருந்தும் அதைவிட அதிகம் மாற்றும். ரகம் தேர்ந்தெடுக்க வேகத்தை ஆதாரமாக்குவது வீண் வேலை.

கடைசியாக, ஐந்தாண்டுச் சோதனை ஒருபோதும் பிடிக்க முடியாத குணம் ஒன்று உண்டு: நிலைத்தன்மை. சடுதிமாற்றத்தில் பிறந்த புல், சடுதிமாற்றத்தை அதோடு நிறுத்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. பத்து ஆண்டு கழிந்த கிரீன்களில் நிறம் மாறிய, இலை தடித்த, அல்லது வளர்ச்சி மருந்துக்கு வேறு விதமாக எதிர்வினை காட்டும் திட்டுகள் தோன்றுகின்றன. மருந்து தெளித்த சில நாட்களில் தாய்ப்புல் ஒடுங்க, திட்டு மட்டும் எழும்பி நிற்கும். பந்து அதில் தட்டி விலகும். இப்படிப்பட்ட திட்டிலிருந்துதான் டிஃப்டுவார்ஃபும் அதன் பிள்ளைகளும் வந்தன என்பதால், இதை வரமென்று சொல்வாரும் உண்டு. வளர்ப்பாளருக்கு வரம், கிரீனை வைத்திருப்பவருக்கு அப்படி அல்ல. ஒரே வம்சத்தைப் பொறுக்கிப் பொறுக்கிப் பெயர் மாற்றி விற்கும் பழக்கம் நீள நீள, ஒரு புதிய பூஞ்சையோ நூற்புழுவோ அந்த வம்சத்தின் பலவீனத்தைக் கண்டுபிடித்தால் தென்கிழக்கின் கிரீன்கள் கூட்டமாகச் சாயும். புதிய தாய் தந்தையிலிருந்து புதிய கலப்புகளை உருவாக்கும் பல்கலைக்கழகத் திட்டங்களின் ரகங்கள் முதல் சோதனையில் பழையவற்றைவிடச் சற்றுக் குறைந்த மதிப்பெண் வாங்கினாலும், அந்த ஒரே காரணத்துக்காக அவற்றைத் தள்ளக் கூடாது.

2024 ஜூனில் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் போட்டியே அதிகுட்டை பெர்முடாவில் நடந்துவிட்டது. அந்தக் கிரீன்கள் நட்டுப் பத்தாண்டு ஆனவை. இந்தப் புல் உயர்ந்த தரத்தைத் தொடுமா என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. இனிச் சோதனை நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு ரகமும் எத்தனை மாதம் 6க்குக் கீழே இருந்தது என்ற எண்ணை அட்டவணையின் முதல் பத்தியிலேயே அச்சிடுங்கள். சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகப் பாத்திகளை அழித்துவிடாமல், சில ஊர்களிலாவது பதினைந்து ஆண்டு வரை வெட்டி, மிதித்து, அளந்துகொண்டே இருங்கள்.